போட்டோ பேக்கப்புக்கு கிளவுட் எடுக்கப் போறீங்களா? முதல்ல ஒரு படத்த டெலிட் பண்ணிப் பாருங்க

எந்த கிளவுட் நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் "எதுல ஃப்ரீயா நிறைய ஜிபி தர்றாங்க"ன்னுதான் பேச்சு ஆரம்பிக்குது. அத கடைசியா பாத்துக்கலாங்க. முதல்ல பாக்க வேண்டியது, போன்ல ஒரு போட்டோவ அழிச்சா கிளவுட்ல இருக்கிற காப்பி என்ன ஆகுதுங்கிறது.

ஏன்னா நாம பேக்கப்னு நம்பிட்டு இருக்கிறதுல பாதி உண்மையில சிங்க், அதாவது ஒரு எடத்துல பண்ற மாத்தம் எல்லா எடத்துலயும் அப்படியே ஆகுறது. ஐகிளவுட் போட்டோஸையே எடுத்துக்கங்க, ஐபோன்ல ஒரு படத்த அழிச்சீங்கன்னா ஐபேட், மேக், வெப்சைட்னு எல்லா எடத்துலயும் சேத்துப் போயிடும், 30 நாள் ரீசன்ட்லி டெலிட்டட்ல கெடக்கும், அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் வராது. கூகுள் போட்டோஸும் அப்படித்தான், அந்த ஆப்புக்குள்ள போய் டெலிட் அடிச்சா போன், கிளவுட் ரெண்டுலயும் போகும், பேக்கப் ஆன படமா இருந்தா ட்ராஷ்ல 60 நாள் இருக்கும். போன்ல மட்டும் எடம் காலியாகணும்னா அதுக்குன்னே ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனி ஆப்ஷன் இருக்கு, அதத்தான் அமுக்கணும். சின்னப் பசங்க கையில போனக் குடுக்கிற வீடுன்னா இந்த ஒரு விஷயத்த தெரிஞ்சுக்காம எந்த சர்வீஸுக்கும் போகாதீங்க.

காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. சும்மா சுவத்தையோ செருப்பையோ ஒரு போட்டோ எடுத்து, டீடெயில்ஸ்ல அதோட சைஸ் எத்தன எம்பி, தேதி என்ன, லொகேஷன் இருக்கான்னு குறிச்சு வெச்சுக்கங்க. அப்லோட் ஆனதும் கம்ப்யூட்டர்ல பிரவுசரத் தொறந்து அதே படத்த டவுன்லோட் பண்ணி சைஸ் ஒத்துப்போகுதான்னு பாருங்க. 4 எம்பி போனது 1 எம்பியா திரும்பி வந்துச்சுன்னா எங்கயோ கம்ப்ரெஸ் ஆகுதுன்னு அர்த்தம், செட்டிங்ஸத் தேடுங்க. கூகுள்ல அது ஸ்டோரேஜ் சேவர்ங்கிற பேர்ல இருக்கும், 16 மெகாபிக்சலுக்கு மேல இருக்கிற படத்த 16க்கு எறக்கிடும், பெரிய வீடியோவ 1080பி ஆக்கிடும். செல்போன்ல பாக்க வித்தியாசமே தெரியாது, ஆனா ஒரிஜினல் ஒரிஜினல்தான், அதனால நான் ஒரிஜினல் குவாலிட்டிதான் வைக்கச் சொல்லுவேன். அப்புறம் கடைசியா போன்ல அழிச்சுட்டு பிரவுசர்ல இன்னும் இருக்கா இல்லையான்னு பாத்துடுங்க, பத்து நிமிஷ வேல.

சரி இப்ப ஜிபிக்கு வரலாம். கூகுள்ல 15 ஃப்ரீ, ஆனா அது ஜிமெயில், டிரைவ் எல்லாத்துக்கும் சேத்து, போட்டோ போட்டு ரொப்பிட்டீங்கன்னா மெயில் வர்றதே நின்னுடும், இது நெறைய பேருக்கு மாட்டுற வரைக்கும் தெரியாது. ஐகிளவுட் 5, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. அன்லிமிடெட்னு யாராவது ஆச காட்டுனா கூகுள் போட்டோஸ நெனச்சுக்கங்க, அவங்களும் அப்படித்தான் குடுத்தாங்க, 2021 ஜூன் 1ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. உங்களுக்கு எவ்வளவு வேணும்ங்கிறத படம் முடிவு பண்ணாது, வீடியோதான் பண்ணும். 12 மெகாபிக்சல் ஜேபெக் படம் ஒண்ணு 3, 4 எம்பிதான், ஐபோன்ல 4கேல 30 எஃப்பிஎஸ் வச்சு எடுத்தா ஒரு நிமிஷ வீடியோவே சுமாரா 170 எம்பி போகும். அதனால கேலரில வீடியோ ஃபோல்டர் சைஸ தனியா பாத்துட்டு பிளான் எடுங்க. வாட்ஸ்அப் ஃபோல்டர பேக்கப்ல இருந்து எடுத்துடுங்க, குட் மார்னிங் படத்துக்கெல்லாம் ஸ்டோரேஜ் காசு கட்டணுமா என்ன.

அடுத்து, உள்ள போட்டது வெளிய வருமா. கம்பெனி மூடுனா என்ன பண்ணுவீங்க? எவர்பிக்ஸ்னு ஒரு போட்டோ சர்வீஸ் 2013ல மூடுனாங்க, கேனான் மாதிரி பெரிய கம்பெனியே இரிஸ்டாங்கிற தன்னோட கிளவுட்ட 2020 ஜனவரி 31ல இழுத்து மூடிடுச்சு. அதனால மொத்தமா டவுன்லோட் பண்ற வழி இருக்கான்னு சேர்றப்பவே பாத்துடுங்க. கூகுள்ல அதுக்கு டேக்அவுட்னு ஒரு வசதி இருக்கு, ஆனா ஜிப் ஜிப்பா வரும், ஆப்ல நீங்க மாத்துன தேதி, எழுதுன குறிப்பு எல்லாம் படத்துக்குள்ள இல்லாம பக்கத்துல ஜேசன்ங்கிற டெக்ஸ்ட் ஃபைல்ல தனியா கெடக்கும், அத ஒட்ட வைக்கிறது தனித் தலைவலி. இன்னொண்ணு, ரெண்டு வருஷம் தொடாம விட்ட அக்கவுண்ட்ட கூகுள் அழிக்கலாம், பேக்கப்புக்குன்னே தனி மெயில் ஐடி போட்டு மறந்துடுறவங்க கவனம்.

பிரைவசி முக்கியம்னு நெனைக்கிறவங்க எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது உங்கள தவிர அந்த கம்பெனியே படத்த பாக்க முடியாத பூட்டு, இருக்கிறதா பாருங்க. என்டே (Ente)ங்கிற போட்டோ சர்வீஸ் அப்படித்தான், ஐகிளவுட்லயும் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன ஆன் பண்ணா வரும். ஆனா பாஸ்வேர்டும், அது மறந்தா உள்ள போக குடுக்கிற ரெக்கவரி கீயும் சேந்து தொலஞ்சா அந்த கம்பெனியாலயே தொறக்க முடியாது, ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதி பத்திரப்படுத்த முடியாதவங்களுக்கு இது சரிப்பட்டு வராது.

எத எடுத்தாலும் வீட்டுல ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் காப்பி வெச்சுக்கங்க. மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வெளி எடத்துல, இதத்தான் 3-2-1னு சொல்லுவாங்க, கிளவுட் அதுல அந்த ஒண்ணு மட்டுந்தான்.

மொத தடவ அப்லோடுக்கு பொறும வேணும். 100 ஜிபிய 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட், எம்பி இல்ல) அப்லோட் ஸ்பீடுல ஏத்த விடாம ஓடுனாலே 22 மணி நேரம் ஆகும், பிளான்ல போட்டிருக்கிற ஸ்பீடு டவுன்லோடுக்கா அப்லோடுக்கான்னு பாத்துக்கங்க. ராத்திரி சார்ஜ்ல போட்டு வைஃபைல விடுங்க, பேட்டரி சேவர் ஆன்ல இருந்தா ஆப் நடுவுலயே தூங்கிடும், அத ஆஃப் பண்ணிடுங்க. ஆப்ல பேக்கப் கம்ப்ளீட்னு வந்தாலும் ரொம்பப் பழைய படம் நாலும் வீடியோ ரெண்டும் பிரவுசர்ல தொறந்து பாத்துட்டு அப்புறமா போன்ல கைய வைங்க.