மோதியவரிடம் லைசென்ஸ் இல்லை, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை: இழப்பீட்டுக்கு என்ன செய்வது?

லைசென்ஸ் இல்லாததும் இன்ஷூரன்ஸ் இல்லாததும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடிபட்டவருக்கு இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டாலும் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தால், பெரும்பாலும் கம்பெனியிடமிருந்தே பணம் வரும். இன்ஷூரன்ஸே இல்லையென்றால் வண்டி உரிமையாளரின் சொத்திலிருந்துதான் வாங்கியாக வேண்டும். எனவே முதல் வாரத்துக்குள் நம் வழக்கு இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

படி 1: விபத்து நடந்த இடத்திலும் ஆஸ்பத்திரியிலும்

108, 112 இரண்டுக்கும் போன் போடுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நம்பர் பிளேட், வண்டிகள் நிற்கும் நிலை, ஓட்டியவர் முகம் மூன்றையும் படம் எடுத்துவிடுங்கள். "செலவுக்கு அஞ்சாயிரம் தர்றேன், கேஸ் எதுக்கு?" என்று பேரம் தொடங்கும். பேப்பர் சரியில்லாதவர்தான் இப்படி அவசரப்படுவார். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உள்காயமும் எலும்பு முறிவும் மறுநாள்தான் தெரியவரும்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, பின்னால் வழக்கின் முதுகெலும்பாகிறது. கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால், "தானே விழுந்தார்" என்று பதிவாகிவிடும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். "இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, கார் மோதி" என்று சொல்லி, எழுதியதைக் கேட்டுச் சரிபாருங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் தேவையில்லை. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கு உதவும். மே 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

படி 2: வண்டியின் இன்ஷூரன்ஸைப் பாருங்கள்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். 'முடிந்துவிட்டது' என்று வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு 5 ஆண்டும், காருக்கு 3 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு (அந்த வண்டியால் அடிபடும் வெளியாளுக்கானது) சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். வண்டிச் சேதத்துக்கான பாலிசி தீர்ந்திருந்தாலும் உங்களுக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்டேஷனில் பாலிசி நகலை நேரில் பாருங்கள்.

பார்க்கும்போது தேதியோடு நிறுத்தாமல் மணியையும் பாருங்கள். காலை 10 மணிக்கு மோதிவிட்டு, மதியம் 2 மணிக்கு ஆன்லைனில் பாலிசி எடுத்து நீட்டும் ஆட்கள் உண்டு. பாலிசியில் 'இத்தனை மணி முதல்' என்று குறித்திருந்தால் அந்த மணியிலிருந்துதான் அது செல்லும். எஃப்.ஐ.ஆரில் சம்பவ நேரம் தவறாக மாலைக்கு நகர்ந்திருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அந்தத் தவறு இப்போதைக்கு உங்களுக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் ஏ.ஆர். காப்பியின் நேரத்தோடு மோதும்போது முழு வழக்கின் மீதும் சந்தேகம் விழும்.

படி 3: எஃப்.ஐ.ஆர்.

புகார் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்து திரும்பாதீர்கள். காயம் என்றால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 125 பிரிவுகளும், உயிரிழப்பு என்றால் 106(1)-ம் வரும். இவற்றோடு மோட்டார் வாகனச் சட்டப் பிரிவுகளையும் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 181, அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு 180, இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 196. ஓட்டியது 18 வயது ஆகாத பையன் என்றால் 199ஏ. அதில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இங்கே நடக்கும் பெரிய தில்லுமுல்லு ஆள்மாறாட்டம். ஓட்டியது தம்பியாக இருக்கும். ஸ்டேஷனில் லைசென்ஸ் உள்ள அண்ணன் வந்து நிற்பார். "யார் ஓட்டினால் நமக்கென்ன, பணம் வந்தால் சரி" என்று விடாதீர்கள். குறுக்கு விசாரணையில் சாட்சி வேறு ஆளை அடையாளம் காட்டினால் கம்பெனி மோசடி என்று வாதாடும். ஓட்டியவர் முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. அதை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

படி 4: லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் உண்டு

ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் வகுத்த வழி: லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி சொன்னால் மட்டும் போதாது. உரிமையாளர் தெரிந்தோ கவனக்குறைவாலோ விதியை மீறினார் என்பதையும் அதுவே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். இழப்பீட்டு மனுவிலேயே இதை மாற்றுக் கோரிக்கையாக எழுதச் சொல்லுங்கள்.

'தவறான வகை லைசென்ஸ்' என்ற வாதத்துக்கும் பழைய பலம் இல்லை. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு, வாடகை வண்டிகளையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: அடிபட்டவர் மோதிய பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தவர் என்றால், வெறும் மூன்றாம் நபர் பாலிசி அவருக்குக் கைகொடுக்காது.

அடிபட்ட உங்களிடமே லைசென்ஸ் இல்லையா? அபராதம் உண்டு. ஆனால் அது ஒன்றை வைத்தே விபத்தில் உங்கள் தவறும் பாதி என்று சொல்லிவிட முடியாது.

படி 5: இன்ஷூரன்ஸே இல்லை

அவசரம் இங்கேதான். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து முடித்த சில நாட்களிலேயே உரிமையாளர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு வண்டியை எடுத்துப் போய்விடுவார். கையில் உள்ள ஒரே ஈடு அந்த வண்டிதான். இன்ஷூரன்ஸ் இல்லாத விபத்து வண்டியை, இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டாமல் விடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 விதிகளிலும் அது இருக்கிறது. ஜாமீன் கட்டாவிட்டால் 3 மாதம் கழித்து வண்டியை ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். முதல் வாரத்திலேயே வக்கீல் மூலம் அந்தக் கோர்ட்டில் ஆட்சேப மனு போடுங்கள். யாரும் போய்ச் சொல்லாவிட்டால் வண்டி சாதாரணப் பிணைப் பத்திரத்திலேயே வெளியே போய்விடலாம்.

"வண்டியைப் போன வருஷமே வித்துட்டேன்" என்பது அடுத்த பதில். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் நவீன் குமார் வழக்கில் முடிவானது. ஆர்.சி. பெயர்க்காரர், இப்போது வைத்திருப்பவர், ஓட்டியவர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

இரண்டு வண்டிகளின் தவறால் நீங்கள் அடிபட்டிருந்தால் நிலைமை நல்லதாகிறது. ஆட்டோவில் பயணி நீங்கள், இன்ஷூரன்ஸ் இல்லாத கார் மோதியது, ஆட்டோ டிரைவர் மீதும் தவறு என்று வையுங்கள். முழுத் தொகையையும் ஆட்டோவின் கம்பெனியிடமே கேட்கலாம். பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

வண்டி தப்பி ஓடி எண்ணே தெரியாவிட்டால் மட்டும்தான் அடையாளம் தெரியாத வாகன நிதி. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். எண் தெரிந்த, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு அந்த நிதி வராது.

உங்கள் கார் நசுங்கியதற்கு, முழுக் காப்பீடு இருந்தால் உங்கள் கம்பெனியிடமே கிளெய்ம் போடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் போகும், அவ்வளவுதான்.

படி 6: எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு) மனு

சட்டப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிராளி இருக்கும் ஊர், எங்கும் போடலாம். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, வருமானச் சான்று ஆகியவை தேவை. பில்களைத் தேதி வாரியாக ஒட்டி நகல் எடுங்கள். வெப்பத் தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

படி 7: தீர்ப்புக்குப் பிறகு

உரிமையாளர் கட்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 174-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தில் மனு போட்டுக் கலெக்டருக்குச் சான்று அனுப்பச் சொல்லலாம். நிலவரிப் பாக்கி போல வசூலிப்பார்கள். இதற்குச் சொத்து விவரம் வேண்டும், அதைத் திரட்டித் தருவது உங்கள் வேலை. வழக்கு நடக்கும்போதே அவர் வீடு, நிலத்தின் சர்வே எண்ணை விசாரித்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். நோட்டீஸ் போனதும் மனைவி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதியிருந்தால் அதில் தெரிந்துவிடும். சொத்தை விற்கவோ மாற்றவோ முயல்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனு போட வக்கீலிடம் சொல்லுங்கள்.