ஒரு நாட்டை எடைபோடுவது எப்படி: போட்ஸ்வானாவை வைத்து ஒரு பயிற்சி

"மக்கள்தொகைப் பெருக்கத்தால் இயற்கை வளங்கள் குறைகின்றன, எனவே நீடித்த வளர்ச்சி பாதிக்கப்படுகிறது." மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுக்கிற எனக்கு இந்த வரி மனப்பாடம். எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் விடைத்தாளில் இதுதான் வரும். தப்பு என்று அடிக்கவும் முடியாது, முழு மதிப்பெண் போடவும் மனசு வராது. ஆள் குறைந்துகொண்டே வருகிற ஜப்பானுக்கும் குழந்தைகள் நிறைந்த நைஜருக்கும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்? அதற்காகவே வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். கிராஃப் தாள், ட்ரேசிங் பேப்பர், நாட்டின் எல்லைக்கோட்டுப் படம், கொஞ்சம் இணையம் இருந்தால் போதும், வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் மக்கள் குறைவான நாடாக எடுங்கள். இந்தியா, சீனா வேண்டாம். அங்கே ஒரு சராசரிக்குள் நூறு கதைகள் மறைந்துபோகும். நான் எடுப்பது தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கடலே இல்லாத போட்ஸ்வானா. பரப்பு தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல். மக்கள் சுமார் 25 லட்சம்தான்.

மக்கள்தொகையில் எண்ணிக்கையை விட வேகத்தைப் பாருங்கள். அங்கே 1971இல் ஏறத்தாழ 6 லட்சம் பேர், 1981இல் 9.4 லட்சம். ஆண்டுக்கு 4.5 சதவீதம் போல வருகிறது. 70ஐ அந்த எண்ணால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தெரியும்: பதினைந்துக்குச் சற்று மேல். அதாவது பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் பதினைந்தே வருடத்தில் இரண்டு மடங்காக்கினால்தான் அந்த நாடு இருந்த இடத்திலாவது நிற்கும். இதையே 2011க்கும் 2022க்கும் போடுங்கள். வளர்ச்சி 1.4 சதவீதம், இரட்டிப்பாக ஐம்பது ஆண்டு. முன்பு பெண் ஒருவருக்கு ஆறு குழந்தைக்கு மேல் இருந்தது. இப்போது மூன்றுக்கும் கீழ்.

அடுத்து மக்கள்தொகை பிரமிடு, அதாவது ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை பேர் என்பதைப் பட்டைகளாக, சின்ன வயதைக் கீழே வைத்து அடுக்கிய படம். ஐ.நா.வின் மக்கள்தொகை மதிப்பீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1975, 2005, இன்று என்று மூன்று ஆண்டுகளுக்கு வரையுங்கள். ஆயத்தப் படத்தைப் பதிவிறக்க வேண்டாம், கையால் வரைந்தால்தான் கண் நிற்கும். நடுவில் இருப்பதில் இருபதுகளுக்கு மேலான பட்டைகள் மெலிந்திருக்கும். எய்ட்ஸ் செய்த வேலை அது. அப்போது 15 முதல் 49 வயதுக்குள் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று. 60ஐத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் பத்து வயதுக்கும் மேல் சரிந்திருந்தது. போனவர்கள் உழைக்கிற வயதுக்காரர்கள்: ஆசிரியர்கள், செவிலியர்கள், பெற்றோர்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நாடு அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். 2002இல் அரசு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் முதல் நாடுகளில் ஒன்று. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு வளத்துக்கு வருவோம்.

வளங்களை வரிசையாக எழுதாதீர்கள். தாளை இரண்டாகப் பிரித்து, எடுத்தால் தீர்ந்துபோவதை ஒரு பக்கமும் ஆண்டுதோறும் திரும்ப வருவதை மறுபக்கமும் எழுதுங்கள். போட்ஸ்வானாவுக்கு இடப்பக்கம் வைரம், நிலக்கரி, செம்பு, நிக்கல். வலப்பக்கம் மேய்ச்சல் நிலம், காட்டு விலங்குகள், தண்ணீர், வெயில்.

தண்ணீரில்தான் என் மாணவர்கள் வழுக்குவார்கள். நாட்டுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நீர் சுமார் 12 கன கிலோமீட்டர். தலைக்கு வகுத்தால் 4,800 கன மீட்டர் வரும். 1,700க்குக் கீழ் போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழ் பற்றாக்குறை என்பது சுவீடனின் நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்த அளவு. அப்படியானால் கவலையே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 12இல் உள்நாட்டு மழையால் கிடைப்பது சுமார் 2.4தான். மீதி அண்டை நாடுகளிலிருந்து வருவது. உள்நாட்டு நீரை மட்டும் வகுத்துப் பாருங்கள், 1,000க்குக் கீழே போய்விடும்.

இப்போது ட்ரேசிங் பேப்பர். எல்லைக்கோட்டுப் படத்தில் மக்கள் வாழும் இடங்களைக் கறுப்பால் புள்ளியிடுங்கள். பெரும்பாலும் கிழக்கு ஓரமாக விழும். ட்ரேசிங் பேப்பரில் தண்ணீரை நீலத்தால் குறித்து அதன் மேல் வையுங்கள். அங்கோலா மலைகளிலிருந்து வரும் ஒக்கவாங்கோ ஆறு வடமேற்கு மூலையில் விரிந்து அங்கேயே வற்றுகிறது. இடையில் கலஹாரி பாலைவனம். நீலமும் கறுப்பும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. தலைநகர் காபரோனின் அணை 2015இல் வறண்டே போனது. வடகிழக்கிலிருந்து 360 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். குழாய்க்கும் பம்புக்கும் வேண்டிய பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்கிற சராசரி சொல்லாது.

கடைசி வேலைதான் முக்கியமானது: தீர்ந்துபோகிற வளம் என்னவாக மாறியது என்று தேடுவது. 1966இல் விடுதலை பெறும்போது போட்ஸ்வானாவில் தார்ச்சாலை 12 கிலோமீட்டர், பட்டதாரிகள் 22 பேர் என்று சொல்வார்கள். 1967இல் ஓராபாவில் வைரம் கிடைத்தது. அதே ஆண்டு, நிலத்தடிக் கனிமம் அந்தந்த இனக்குழுவுக்கு இல்லை, நாட்டுக்கு என்று சட்டம் வந்தது. 1971இல் ஓராபா சுரங்கம், 1982இல் ஜ்வானெங். தேதிகளைக் கவனியுங்கள். மக்கள்தொகை பதினைந்து வருடத்தில் இரட்டிப்பாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் காசும் வந்தது. பிறகு பட்ஜெட்டுக்கு ஒரு விதி வைத்தார்கள்: கனிம வருமானம் முதலீட்டுக்குத்தான் போக வேண்டும், கல்வியும் சுகாதாரமும் முதலீடாகவே எண்ணப்படும், மற்ற அன்றாடச் செலவை மற்ற வரவில் பார்த்துக்கொள். மிச்சத்தை 1994 முதல் ஒரு சேமிப்பு நிதியில் போட்டார்கள். பக்கத்திலேயே நவுருவை எழுதி ஒப்பிடுங்கள். 21 சதுர கிலோமீட்டர் தீவு. பாஸ்பேட் விற்று ஒரு காலத்தில் தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சியில் இருந்தது. இன்று நடுநிலம் முழுக்கத் தோண்டிக் கிடக்கிறது, சேர்த்த நிதியும் கரைந்துபோயிற்று. விதை நெல்லைத் தின்றவன் கதை.

அதற்காகப் போட்ஸ்வானாவுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிடாதீர்கள், நான் போடுவதில்லை. வைரச் சுரங்கம் வருமானம் கொடுக்கும், ஆனால் வேலைக்கு எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். பிரமிடில் இருபதுகளில் இருக்கும் அகலமான பட்டையை இதோடு சேர்த்துப் பாருங்கள்: படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை இல்லை. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்தபின் விற்பனையும் விழுந்தது. நிலத்தடியில் வைரம் தீரும் முன்பே விலை தீர்ந்துபோகலாம் என்பதை எந்த இருப்புக் கணக்கும் காட்டவில்லை. 2024 தேர்தலில், 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. அதற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் இதுவும் ஒன்று.

எழுதும்போது "வளம் குறைவு", "மக்கள் அதிகம்" என்ற சொற்களைத் தவிருங்கள். எந்த வயதினர், எந்த ஆண்டில், எந்த வளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், வந்த காசு என்ன ஆயிற்று, இந்த நான்குக்கும் விடை சொல்லுங்கள். இந்த முறை கைக்கு வந்தபின் நைஜரை எடுங்கள். அங்கே வளம் யுரேனியம், மக்கள் சுமார் 2.7 கோடி, பெண் ஒருவருக்கு இன்னும் ஆறு குழந்தை. பிரமிடுக்குப் பெரிய கிராஃப் தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பட்டை சின்னத் தாளில் அடங்காது.