ஏஐ வீடியோவுக்கு ப்ராம்ப்ட் எழுதும்போது

ப்ராம்ப்ட் என்றால் என்ன வீடியோ வேண்டும் என்று ஏஐக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரிப்பு. அதில் "தாமிரபரணி அழகாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏஐ ஏதோ ஒரு வெளிநாட்டு ஆற்றைக் காட்டிவிடும். கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: குறுக்குத்துறைக் கல்மண்டபம், பக்கவாட்டில் விழும் காலை வெயில், இடுப்பளவு தண்ணீரில் நரைத்த தலைப் பெரியவர் ஒரு முறை முங்கி எழுகிறார், கேமரா தண்ணீர் மட்டத்திலேயே மெதுவாக அவரை நெருங்குகிறது. அவ்வளவு போதும். கிளிப் பெரும்பாலும் 5 முதல் 10 விநாடிதான். அதற்குள் அவர் முங்கி, தலை துவட்டி, கரையேறி, அல்வாவும் வாங்க வேண்டும் என்றால் எல்லாம் குழம்பிவிடும் (எனக்கு ஒரு தடவை மூன்று கை வந்தது). ஒரு ஷாட்டுக்கு ஆளுக்கு ஒரு அசைவு, கேமராவுக்கு ஒரு அசைவு. "கூட்டம் வேண்டாம்" என்பதைவிட "ஆளில்லாத படித்துறை" என்று எழுதினால் நன்றாகப் புரிந்துகொள்ளும். சரியாக வரவில்லையா, மொத்தத்தையும் அழிக்காதீர்கள், முதலில் வெளிச்சத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், அப்புறம் கேமராவை.