வெயில் காலத்தில் அரிட்டாபட்டிக்குக் கூட்டமாகப் போகும்போது

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர் அரிட்டாபட்டி; அங்கே பறவை பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் இது. மே மாதம் அந்தப் பக்கம் வெயில் சும்மா இருக்காது. அதனால் ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுங்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் பாறை தோசைக்கல்தான்.

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருமுறை முப்பது பேரைக் கூட்டிப்போய், பறவையைப் பார்த்ததைவிடத் தலை எண்ணியதே அதிகம். வழி தெரிந்தவர் முன்னால், பொறுமைசாலி ஒருவர் கடைசியில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு. உப்புப் போட்ட மோர் என் பையில் எப்போதும் இருக்கும்.

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. லகர் வல்லூறு, ராஜாளி என்ற வேட்டைப் பறவைகள் இங்கே உண்டு. பாறை முகட்டை ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள். பறவை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வரவழைக்கிறேன் என்று கைபேசியில் பறவைக்குரல் போடுபவரை அடுத்தமுறை கூப்பிடாதீர்கள்.

குடைவரைச் சிவன் கோயிலில் செருப்பைக் கழற்றியதும் நிழலில் வையுங்கள். நான் வெயிலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து குதித்த குதி, பிள்ளைகளுக்கு இன்னும் மறக்கவில்லை.