க்ரீமியான உருளைக்கிழங்கு சூப்: முதல்முறை செய்பவர்களுக்கு

உருளைக்கிழங்கு சூப்பை முதல்முறை செய்து பார்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தண்ணீர் தனியாகவும் கிழங்கு தனியாகவும் நிற்கிறது. இன்னொன்று, பசை மாதிரி ஆகி கரண்டியோடு இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் காரணம் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்துதான். முதல் சூப்பில் அது போதுமான அளவு வெளியே வரவில்லை. இரண்டாவதில் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. பாலும் க்ரீமும் மணமும் வழவழப்பும் தரும், ஆனால் சூப்பைக் கெட்டியாக்குவது கிழங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று தானாகப் புரியும்.

அடுப்பில் ஒரே பாத்திரம், முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் தேவை.

தேவையானவை (4 பேர் வயிறாரச் சாப்பிட)

- உருளைக்கிழங்கு: 750 கிராம் (நடுத்தர அளவில் 5 அல்லது 6)
- பெரிய வெங்காயம்: 1
- பூண்டு: 4 பல்
- வெண்ணெய்: 40 கிராம்
- மைதா: 2 மேசைக்கரண்டி
- தண்ணீர் அல்லது காய்கறி ஸ்டாக் (காய்கறிகளை வேகவைத்து வடித்த தண்ணீர்): 750 மில்லி
- கொழுப்பு நீக்காத பால்: 250 மில்லி
- க்ரீம்: 100 மில்லி
- பிரிஞ்சி இலை: 1
- உப்பு: ஒன்றரை தேக்கரண்டி (ஸ்டாக் உப்புப் போட்டதாக இருந்தால் பாதி)
- மிளகுத்தூள்: அரை தேக்கரண்டி
- துருவிய சீஸ்: 50 கிராம், விருப்பப்பட்டால்
- மேலே தூவ வெங்காயத்தாள்

எந்தக் கிழங்கு?

உருளைக்கிழங்கில் பல ரகங்கள் உண்டு. சமையலுக்கு இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் போதும். வெந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் மாவுக்கிழங்கு ஒன்று. வெந்த பிறகும் துண்டு துண்டாக, வழுக்கலாக நிற்பது இன்னொன்று. இந்த சூப்புக்கு முதல் வகைதான் வேண்டும். தோல் மெல்லியதாக, விரலால் தேய்த்தாலே உரியும் புதுக்கிழங்கில் மாவு குறைவு, ஈரம் அதிகம். அதில் செய்தால் எவ்வளவு மசித்தாலும் சூப் தண்ணியாகத்தான் இருக்கும்.

ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டிக் கத்தியைப் பாருங்கள். மாவுக்கிழங்காக இருந்தால் கத்தியின் மேல் பால் வடிந்து காய்ந்தது போல ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். வெட்டிய இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். தோல் பச்சையாக மாறிய கிழங்கும் நிறைய முளை விட்ட கிழங்கும் வேண்டாம். பச்சை நிறம் தெரிகிற இடத்தில் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். வேகவைத்தாலும் அது போகாது, சூப்பும் கசக்கும்.

1. நறுக்குவது

முதலில் வெங்காயத்தையும் பூண்டையும் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். கிழங்கைக் கடைசியில்தான் நறுக்க வேண்டும். முன்கூட்டியே நறுக்கி வைத்தால் கறுத்துப்போகும். கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டு வைத்தால் நமக்கு வேண்டிய மாவுச்சத்தில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். வெங்காயம் வதங்கும் நேரத்திலேயே தோல் சீவி, 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக நறுக்கிவிடலாம். துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். சின்னதும் பெரியதுமாக இருந்தால் ஒன்று கரைந்துபோகும் நேரத்தில் இன்னொன்று கடுக்கென்று கடிபடும்.

2. வெங்காயம் வதக்குவது

அடிகனமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பாத்திரத்தில் இந்த சூப் கண்டிப்பாக அடிபிடிக்கும். மிதமான தீயில் வெண்ணெயைப் போடுங்கள். உருகி, நுரைத்து, அந்த நுரை அடங்கும்போது வெங்காயத்தையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேருங்கள்.

இந்த இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். 7, 8 நிமிடம் ஆகும். முதலில் சடசடவென்று சத்தம் கேட்கும், வெங்காயத்தில் உள்ள தண்ணீர் வற்றுகிற சத்தம் அது. அப்புறம் சத்தம் குறைந்து, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, காரநெடி போய் இனிப்பு வாசனை வரும். அதுதான் பதம். பொன்னிறமாகச் சிவக்க விடாதீர்கள். சிவந்தால் ருசி கெடாது, ஆனால் சூப்பின் வெண்மை போய்ப் பழுப்பாகிவிடும். பூண்டைக் கடைசி ஒரு நிமிடத்தில் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் தீய்ந்து கசக்கும்.

3. மாவு சேர்ப்பது

தீயைக் குறைத்து, மைதாவைப் பரவலாகத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள். வெண்ணெயோடு சேர்ந்து வெங்காயத்தின் மேல் பூசினாற்போல் ஆகும், பச்சை மாவு வாசனையும் போகும். இனி தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரே மூச்சில் கொட்டினால் கட்டி கட்டும். முதலில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்குங்கள், களி போலத் திரண்டு வரும். இன்னொரு கரண்டி ஊற்றுங்கள், கூழாகும். அதற்குப் பிறகு மீதியை மொத்தமாக ஊற்றலாம்.

மைதா எதற்கு என்று கேட்கலாம். கெட்டியாக்க மட்டும் இல்லை. பின்னால் பால் சேர்க்கும்போது திரியாமல் காப்பாற்றுவதும் இந்த மாவுதான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மைதாவை விட்டுவிட்டுக் கிழங்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மசித்துக்கொள்ளலாம். பால் சேர்க்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

4. கிழங்கை வேகவைப்பது

கிழங்குத் துண்டுகள், பிரிஞ்சி இலை, உப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொதி வரவிடுங்கள். உப்பை இப்போதே போடுவதற்குக் காரணம் உண்டு. வேகும்போது போட்டால்தான் துண்டின் உள்ளே வரை இறங்கும். கடைசியில் போட்டால் சூப் உப்பாக இருக்கும், கடிபடுகிற கிழங்கு சப்பென்று இருக்கும்.

கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வைத்து 15 முதல் 18 நிமிடம் வேகவிடுங்கள். நடுநடுவே அடிவரை கரண்டியை விட்டுக் கிளறுங்கள். மாவு கனத்தால் அடியில் போய் உட்காரும். ஒரு துண்டை எடுத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்துக் கரண்டியால் லேசாக அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கடினமாகப் பட்டாலும் இன்னும் 3 நிமிடம் விடுங்கள். வேகாத கிழங்கை எப்படி மசித்தாலும் நறநறவென்றுதான் இருக்கும்.

பிரஷர் குக்கரிலும் செய்யலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவு கலந்த திரவம் என்பதால் குக்கரின் அடியில் பிடிக்கும், வெந்த பதத்தை நடுவில் திறந்து பார்க்கவும் முடியாது.

5. மசிப்பது: சூப் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான்

கிழங்கின் உள்ளே மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக அடைபட்டிருக்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அவை தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். மென்மையாக மசித்தால், உப்பிய மணிகளில் பெரும்பகுதி உடையாமல் அப்படியே சூப்பில் பரவும். நாக்கில் வழவழப்பாகத் தெரிவது அதுதான். மிக்ஸியின் வேகத்தில் பிளேடு சுற்றும்போது அவை கிழிந்து, உள்ளே இருப்பது மொத்தமும் வெளியே வந்து, ஒன்றோடொன்று பின்னிப் பசையாகிவிடும். அப்படிப் பசையானதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை நன்றாக மையாக இருக்கட்டும் என்று முழுவதையும் மிக்ஸியில் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டினேன். கரண்டியைத் தூக்கினால் ஒட்டடை மாதிரி நூல் நூலாக வந்தது. பால் ஊற்றினேன், தண்ணீர் ஊற்றினேன். தண்ணியான பசையாகத்தான் ஆயிற்று.

அதனால் மத்து அல்லது கிழங்கு மசிக்கும் கரண்டிதான் நல்லது. அடுப்பை அணைத்து, பிரிஞ்சி இலையை எடுத்துவிட்டு, பாத்திரத்திலேயே வைத்துப் பாதிக் கிழங்கை மசியுங்கள். சுற்றிக் கடையாமல் மேலிருந்து கீழாக அழுத்தினால் போதும். 15, 20 அழுத்தலில் சூப் கண்ணெதிரே கெட்டிப்படுவது தெரியும். மீதிப் பாதி துண்டுகளாக இருக்கட்டும். வாய்க்கு வாய் ஒரு துண்டு அகப்பட்டால்தான் சாப்பிட்ட திருப்தி வரும்.

துண்டே இல்லாமல் வழவழவென்று வேண்டுமென்றால் கண் சிறியதாக உள்ள சல்லடையில் கரண்டியால் அழுத்தித் தேய்த்து வடிகட்டுங்கள். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் பட்டு மாதிரி வரும். கைப்பிடி பிளெண்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி இரண்டு விநாடி என்று விட்டு விட்டு ஓட்டுங்கள். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் சூடாக மூடி போட்டு ஓட்டவே கூடாது. உள்ளே ஆவி அடைபட்டு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே சிதறும், கை வெந்துபோகும். ஆறவைத்து, பாதி ஜார் மட்டும் நிரப்பி, விட்டு விட்டுச் சுற்றுங்கள்.

6. பாலும் க்ரீமும்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்ற வேண்டாம். தனிப் பாத்திரத்தில் பாலை எடுத்து, அதில் ஒரு கரண்டி சூடான சூப்பை விட்டுக் கலக்கி, அப்புறம் எல்லாவற்றையும் சூப்பில் ஊற்றுங்கள். க்ரீமையும் சேர்த்துச் சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்தால் போதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து மணல் மணலாகத் தெரியும்.

எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பு எதையும் பாத்திரத்தில் சேர்க்காதீர்கள். எலுமிச்சை பிடிக்கும் என்பவர்கள் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

பால் பொருட்கள் சாப்பிடாதவர்கள் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும், பாலுக்கும் க்ரீமுக்கும் பதில் ஒரு கைப்பிடி முந்திரியை ஊறவைத்து மையாக அரைத்துத் தண்ணீரில் கரைத்தும் சேர்க்கலாம். அரைப்பது முந்திரியை மட்டும். கிழங்கு அதில் சேரக்கூடாது.

7. சீஸும் மிளகும்

சீஸ் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு, கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கலக்குங்கள். கொதிக்கிற சூப்பில் போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, சீஸ் உருண்டை திரண்டுவிடும். பாக்கெட்டில் துருவியே வருவதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு பொடி கலந்திருப்பார்கள், அதனால் அது சரியாகக் கரையாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது மேல்.

மிளகுத்தூளை இப்போது சேருங்கள். சேர்த்த பிறகு ருசி பாருங்கள், சீஸிலும் உப்பு இருக்கிறது. பதம் சரியா என்று பார்க்க, கரண்டியைச் சூப்பில் முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. சூப் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் கொஞ்சம் கிழங்கை மசியுங்கள். கரண்டியில் அப்பிக்கொண்டு விழவே மறுத்தால் சூடான பால் அரை கப் விட்டுத் தளர்த்துங்கள்.

உப்பு கூடிவிட்டால் பச்சைக் கிழங்குத் துண்டைப் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சுவதில்லை, உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. மீதி இருக்கிற சூப் அதே உப்போடுதான் இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த இன்னொரு கிழங்கை மசித்து, கூடவே பாலும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

பரிமாறவும் எடுத்து வைக்கவும்

வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கி மேலே தூவுங்கள். இந்த வெண்மைக்கும் மென்மைக்கும் நடுவே மொறுமொறுப்பாக ஏதாவது ஒன்று அவசியம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ரொட்டித் துண்டை வெண்ணெயில் வறுத்துப் போடலாம், பூண்டைச் சீவிப் பொன்னிறமாகப் பொரித்தும் போடலாம்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் இருக்கும். மறுநாள் திறந்தால் கெட்டுப்போனது போல இறுகியிருக்கும். பயப்பட வேண்டாம், குளிரில் மாவுச்சத்து இறுகுவது இயல்பு. கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கினால் தளர்ந்து வரும். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உருகும்போது தண்ணீர் பிரிந்து, கிழங்கு பஞ்சு மாதிரி ஆகி, பாலும் திரிந்தது போலத் தெரியும். மொத்தமாகச் செய்து ஃபிரீசரில் வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், முழுவதும் மசித்து, பால் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சாப்பிடும் அன்று சூடாக்கி, பாலும் க்ரீமும் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம்.