கடற்பனியை அப்படியே உருக்காதீர்கள்: துருவக் கடல் நுண்ணுயிர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருவக் கடல் நுண்ணுயிர்களில் முனைவர் பட்டம் செய்ய வரும் பிள்ளைகள், நாங்கள் மாணவர்களாக இருந்தபோது செய்த அதே பிழைகளை மறுபடி செய்வதைப் பார்க்கிறேன். குப்பியில் லேபிள் ஒட்டுவது, ஃபில்டரை மைனஸ் 80 டிகிரியில் வைப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே விழுங்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடற்பனியை நேரடியாக உருக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் போவதில்லை. படிகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய கால்வாய்களில் அடர்ந்த உப்புநீராகத் தேங்குகிறது. நுண்ணுயிர்கள் குடியிருப்பது அங்கேதான். கடல்நீரின் உப்புத்தன்மை சுமார் 34, அதாவது ஒரு கிலோ நீரில் சுமார் 34 கிராம் உப்பு. மைனஸ் 10 டிகிரிப் பனியின் கால்வாயில் அது 140 அளவுக்குப் போகும். ஆனால் ஓராண்டுப் பனியை (ஒரு கோடையைக்கூடக் கடக்காத பனி) மொத்தமாக உருக்கினால் கிடைக்கும் நீரில் 5-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். 140-க்குப் பழகிய செல்லை ஒரே இரவில் 5-இல் கொண்டுபோய் விட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து அது வெடித்துவிடும். பனியின் அடிப்பகுதி கடலைத் தொட்டிருப்பதால் அங்கே உப்பு கடல்நீரை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து 5-க்கு இறங்குவதையும் பல உயிரிகள் தாங்குவதில்லை.

வெடித்த செல்லின் டிஎன்ஏ பெரும்பாலும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் நிற்காது. உறுதியான ஓடு இல்லாத ஒற்றைச்செல் உயிர்களான கசையிழை உயிரிகளும் (சாட்டைபோன்ற இழையால் நீந்துபவை) சிலியேட்டுகளும் (குறுமயிர்களால் நீந்துபவை) முதலில் காணாமல் போகும். சிலிக்கா ஓடு உள்ள டயட்டம் என்ற நுண்பாசி தப்பிக்கும். அண்டார்க்டிக் பனியை வைத்து கேரிசன், பக் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

அண்மையில் ஒரு மாணவி தன் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். ஆர்க்டிக் பனியில் எங்கும் டயட்டம், கசையிழை உயிரிகள் ஏறக்குறைய இல்லை. அதை வைத்து சூழலியல் விளக்கம் ஒன்றும் எழுதி முடித்திருந்தாள். எப்படி உருக்கினீர்கள் என்று கேட்டேன். "பக்கெட்டில் போட்டு ராத்திரி முழுக்க லேபில் வைத்தோம் அக்கா" என்றாள். அந்தப் பனியை எடுக்கக் கப்பலில் இடம் கிடைக்க அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். திரும்பப் போய் எடுக்க முடியாது.

இது சோம்பலால் நடப்பதில்லை. உப்புத்தன்மையையும் ஊட்டச்சத்துகளையும் அளக்க எதையும் கலக்காமல் உருக்கத்தான் வேண்டும். ஆகவே வேதியியல் குழுவின் செய்முறையில் நேரடியாக உருக்கு என்றே இருக்கும். குளிரில் இன்னொரு துளை போட மனம் வராமல், துளையிட்டு எடுத்த அதே பனி உருளையிலிருந்தே உயிரியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

உயிரியலுக்குத் தனி உருளை எடுங்கள். வெளியே இழுத்தவுடன் உப்புநீர் வடியத் தொடங்கும், அதனால் அடிப்பகுதியை முதலில் அறுங்கள். ஆர்க்டிக் ஓராண்டுப் பனியில் பாசிகள் பெரும்பாலும் அடியிலுள்ள சில சென்டிமீட்டரில்தான் திரண்டிருக்கும். அப்புறம் 0.2 மைக்ரானில் வடிகட்டிய கடல்நீரைச் சேர்த்து, இருட்டில், 4 டிகிரியைத் தாண்டாமல் உருக்குங்கள். கணக்கு எளிது: ஒரு பங்கு பனிநீருக்கு நான்கு பங்கு கடல்நீர் சேர்த்தால் உப்பு 28 வரும். சமபங்கு சேர்த்தால் 20-ஐக்கூட எட்டாது. எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், செல் எண்ணிக்கையைத் திருத்த அது வேண்டும். சேர்த்த கடல்நீரிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து அதன் டிஎன்ஏ வரிசையைப் படியுங்கள். வடிகட்டியிலும் மிகச் சிறிய செல்கள் நழுவிவிடும்.

பச்சையம் மட்டும் அளப்பதென்றால் நேரடியாக உருக்குவதில் பெரிய கேடில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் யார் யார் வாழ்கிறார்கள் என்பது உங்கள் கேள்வியானால் அந்தச் சலுகை கிடையாது. எப்படி உருக்கினீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் முழுதாக எழுதுங்கள். "பனி உருக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய கட்டுரையை யாரும் எதோடும் ஒப்பிட முடியாது.

வெற்று மாதிரி எடுக்காமல் விடுவது

வெற்று மாதிரி என்பது பனியோ கடல்நீரோ இல்லாமல் அதே செய்முறையில் ஓட்டுவது, வெளியிலிருந்து வந்த மாசை அது காட்டிக்கொடுக்கும். டிஎன்ஏ பிரிக்கும் ஒவ்வொரு தொகுதியோடும் ஒன்று. விதிவிலக்கே இல்லை.

பழைய ப்ரைமர்

ப்ரைமர் என்பது மரபணுவில் ஒட்டி அதை நகலெடுக்கத் தொடங்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு. பாக்டீரியாக்களை இனம்காண உதவும் 16எஸ் மரபணுவுக்குப் பரவலாகப் பயன்பட்ட 806ஆர் ப்ரைமரின் பழைய வடிவம், கடலில் மிக அதிகமாக உள்ள சார்11 பாக்டீரியாவைக் குறைத்துக் காட்டும். 2015-இல் திருத்திய வடிவம் வந்தது. பழைய தரவோடு ஒப்பிட்டு "சார்11 பெருகிவிட்டது" என்று எழுதும் முன் இரண்டிலும் எந்த ப்ரைமர் என்று பாருங்கள்.

சதவீதத்தை எண்ணிக்கையாக வாசிப்பது

டிஎன்ஏ வரிசைத் தரவு ஒவ்வோர் உயிரியின் பங்கை மட்டுமே காட்டும், எண்ணிக்கையை அல்ல. அண்டார்க்டிக்கின் ராஸ் கடலில் ஃபியோசிஸ்டிஸ் பாசி பெருகும்போது அதன் பசுங்கணிகங்களிலும் (பச்சையம் உள்ள செல் உறுப்புகள்) 16எஸ் இருப்பதால் தரவில் பெரும்பங்கை அவையே பிடித்துக்கொள்ளும். மற்றவையெல்லாம் சுருங்கியதுபோலத் தெரியும், உண்மையில் ஒன்றும் குறைந்திருக்காது. பசுங்கணிக வரிசைகளைப் பிரித்துவிட்டு, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்களையும் எண்ணுங்கள்.

கோடையை மட்டும் பார்ப்பது

கப்பல்கள் பெரும்பாலும் கோடையில்தான் போகின்றன, மாதிரியும் அப்போதுதான் கிடைக்கிறது. ஆனால் அண்டார்க்டிக் மேற்பரப்பு நீரில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்யும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போன்ற, ஆனால் வேறு வகை நுண்ணுயிர்கள்) குளிர்காலத்தில்தான் ஓங்கும். கோடையில் தேடினால் அங்கே அரிதாகவே சிக்கும். ஆர்க்டிக்கின் துருவ இரவைப் பார்க்க, 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை நடந்த மோசைக் (MOSAiC) என்ற பன்னாட்டு ஆய்வுப் பயணத்தில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் பனியோடு சேர்ந்து மிதக்க வேண்டியிருந்தது. அதன் தரவைத் தேடிப் படியுங்கள். உங்கள் கையில் குளிர்கால மாதிரி இல்லையென்றால் கைடிடம் பேசி, ஆய்வேட்டின் தலைப்பிலேயே "கோடைக்கால" என்று சேர்த்துவிடுங்கள்.