ஹைப்ரிட் கார் மைலேஜ்: கணக்கு எங்கே தப்புகிறது?

பெட்ரோல் இஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் எடுத்த மறுவாரமே மச்சான் டிஸ்ப்ளேயை ஃபோட்டோ பிடித்து அனுப்பினான். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போய்வந்ததில் ‘இவி 64%’ என்று காட்டியிருந்தது. “மாமா, பாதிக்கு மேல கரண்ட்லதான் ஓடுது. அப்போ பெட்ரோல் செலவு பாதியாயிடும்ல?”

ஆகாது. ஹைப்ரிட் வாங்கியவர்களில் நிறையப் பேர் முதலில் சறுக்குவது இங்கேதான். அந்த 64 என்பது இஞ்சின் அணைந்திருந்த பங்கு. மிச்சமான பெட்ரோலின் அளவு அது இல்லை. இந்த வண்டிக்கு சார்ஜர் வயரே கிடையாது. பேட்டரியில் இருக்கும் ஒவ்வொரு துளி கரண்டும் நீங்கள் பெட்ரோல் பங்க்கில் காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோலிலிருந்து வந்ததுதான். மாருதியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிடின் (மோட்டார் தனியாகவும் வண்டியை இழுக்கும் ரகம்) பேட்டரி 0.76 யூனிட் கொள்ளளவு கொண்டது. இபி மீட்டர் கணக்கில் ஒரு யூனிட்கூட இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலிலோ சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது.

அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? பிரேக் மிதித்தால் சூடாகி வீணாகப் போகவேண்டிய சக்தியில் ஒரு பகுதியை மோட்டார் பிடித்து பேட்டரிக்குத் திருப்புகிறது. சிக்னலில் இஞ்சின் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் அதிகம் குடிக்கும் மந்த வேகத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொள்ள, இஞ்சின் தனக்குத் தோதான வேகத்தில் மட்டும் ஓடுகிறது. மூன்றுமே நெரிசலில்தான் அதிகம் உதவும். நான்குவழிச் சாலையில் சீராகப் போகும்போது பிரேக்கும் இல்லை, சிக்னலும் இல்லை. போதாக்குறைக்கு 80-இலிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ‘ஹைப்ரிட்னா ஹைவேல பின்னும்’ என்று யாராவது சொன்னால், அவர் ஹைவேயில் நல்ல மைலேஜ் கொடுக்கும் டீசல் வண்டி ஓட்டிப் பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. எர்டிகாவில் வரும் ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’டும் ஹைப்ரிட் என்றுதான் விற்கப்படுகிறது. ஆனால் அது மைல்ட் ஹைப்ரிட் ரகம்: அதன் சின்ன மோட்டார் இஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்ளுங்கள்: அறிமுகமானபோது மைல்ட் ஹைப்ரிட் மேனுவலுக்குச் சொல்லப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஸ்ட்ராங்குக்கு 27.97. ஏதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்போலத் தெரியும். 10,000 கிலோமீட்டருக்கு லிட்டராக மாற்றிப் பாருங்கள்: 474-க்கு 358. மிச்சம் 116 லிட்டர். கூடுதலாகக் கொடுக்கும் விலையை இந்த 116-ஓடு ஒப்பிடுங்கள், 27.97-ஓடு அல்ல.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகியதால் வரும் வினை இது. 12 கொடுத்த வண்டி 16 கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் மிச்சம். 24 கொடுப்பது 28 ஆனால் 0.6 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது அதே நான்குதான். ஊருக்குள் 24, ஹைவேயில் 16, ஆக சராசரி 20 என்று மனக்கணக்குப் போடுவதும் தப்பு. இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் ஓட்டியிருந்தால் குடித்த பெட்ரோல் 104 லிட்டர், சராசரி 19.2.

விளம்பர எண்ணைப் பொய் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது சோதனைக்கூடத்தில், உருளைமேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, 90-ஐத் தாண்டாமல் ஓட்டி எடுத்த எண். மே மாதத்தில் ஐந்து பேரோடு ஏசி போட்டுப் போகும் குடும்பத்துக்காக எடுத்ததில்லை. ஒரே சோதனைக்கு உட்பட்ட இரண்டு கார்களை ஒப்பிடத்தான் அது உதவும். இலங்கையில் ஜப்பான் இறக்குமதியான டொயோட்டா அக்வா ஹைப்ரிட் வாங்குபவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 2011-இல் வந்தபோது சொன்ன 35.4 என்பது ஜப்பானின் அன்றைய சோதனை முறைப்படி. இந்திய, ஐரோப்பிய எண்களோடு அதை நேராக ஒப்பிட முடியாது.

டெஸ்ட் டிரைவில் திரை காட்டும் 30, 35-ஐயும் நம்பவேண்டாம். பேட்டரி நிறைந்த வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால், ஏற்கெனவே எரித்த பெட்ரோலின் கரண்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் சும்மா ஓடிவிடும். அதற்கு நேர் எதிரானது, பள்ளிக்கூடம் வரை பிள்ளைகளை விட்டுவரும் இரண்டு கிலோமீட்டர். பேட்டரி நிறைந்திருந்தாலும் காலையில் இஞ்சின் தானாக ஓடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும் என்பதால் அப்படி. ரிப்பேர் என்று சர்வீஸுக்கு ஓடவேண்டாம், அந்தத் தூரத்தை வைத்து மைலேஜும் சொல்லவேண்டாம்.

நான் நம்புவது பழைய டேங்க் ஃபுல் கணக்கைத்தான்: டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பப் பிடித்த லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுப்பது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், டேங்க் நிறைந்து பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தம். பையன் ரூபாயை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் அடிக்கப் பார்ப்பான், தடுத்துவிடுங்கள். 20 லிட்டர் போடும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின்னானால் 5 சதவீதம் பிசகிவிடும். நான்கைந்து டேங்கின் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியாகக் கூட்டி வகுத்தால் அந்தப் பிசகு அடங்கிவிடும். பழைய நோட்டோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இன்று இந்தியாவில் பங்க்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு இருப்பது பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இந்த லிட்டர் கணக்கே புகைக் கணக்குக்கும் உதவும். ஒரு லிட்டர் சுத்தப் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசலுக்கு ஏறக்குறைய 2.7. ஆகவே இரண்டும் 16 கொடுத்தாலும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 144 கிராம் விடும், டீசல் 169. மைலேஜ் சமம் என்றால் புகையும் சமம் என்பது தவறு.

புகைச் சோதனையில் கொடுக்கும் பியூசி சர்டிபிகேட்டைக் காட்டி ‘நம்ம வண்டி சுத்தம்’ என்பவர்களும் உண்டு. பெட்ரோல் காருக்கு அங்கே முக்கியமாகப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். கார்பன் டை ஆக்சைடுக்கு அதில் வரம்பே இல்லை. மச்சான் வண்டியோடு நானும் ஒரு சென்டருக்குப் போயிருந்தேன். சைலன்சரில் குழாயைச் சொருகிவிட்டு அந்தத் தம்பி, “ஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றார். “ஸ்டார்ட்லதாம்பா இருக்கு.” அவர் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. மெஷினில் எல்லாம் பூஜ்ஜியம். அதையே பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இஞ்சினை விடாமல் ஓடவைக்க மெயின்டெனன்ஸ் மோட் என்று ஒன்று இந்த வண்டிகளில் உண்டு என்பது எங்களுக்கும் அப்போது தெரியாது.